ஏடு யாருக்குத் திறக்கும்? – அரசு ஊழியர் பதிவேட்டின் கதை

சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு, சமணம் என்று ஏதாவது எழுதிக் கொடுப்பேன் என்றுதான் மலர்க் குழுவினர் நினைத்திருப்பார்கள். கல்வெட்டும் சமணமும் இதிலும் உண்டு. ஆனால் பொருள் வேறு. அரசாங்க ஊழியரைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் ஏடுகளை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதே அது. நட்டு போல்ட்டு விற்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பீன்யாவில் என் கடைக்கு வந்த இருவர்தாம் காரணம்.

முதலாமவர் இரண்டாம் ஸ்டேஜில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர். ஓர் அலுவலகத்து அதிகாரி தம் பட்டறைக்கு மட்டும் திரும்பத் திரும்பச் சோதனைக்கு வருவதாகவும், பேச்சில் எதையோ எதிர்பார்ப்பது போலத் தெரிவதாகவும் அவருக்கு மனக்குறை. அந்த அதிகாரி மேல் முன்பு புகார் வந்து தண்டனை ஏதும் ஆகியிருக்கிறதா என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டார். மூன்றாம் நபரின் சொந்த விவரம், தர இயலாது என்று ரெண்டே வரியில் பதில் வந்தது. "நயினாரே, என் பட்டறையில எத்தனை பேரு, யாருக்கு என்ன சம்பளம், எல்லாத்தையும் அவர் பார்க்கலாம். அவர் வேலையைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார்.

இரண்டாவது, நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் மகள். அரசுத் துறை ஒன்றில் எழுத்தர் வேலை. புகுந்த வீட்டாரோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அதே சட்டத்தில் மனுப் போட்டு, அவள் எடுத்த மருத்துவ விடுப்பு, டாக்டர் கொடுத்த சான்று, புது வீட்டு முகவரி எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிவிட்டார். கொடுப்பதற்கு முன் அவளை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. "மாமா, எனக்கு என்ன நோவுன்னு கோர்ட்ல எடுத்து வாசிக்கிறாங்க. நான் எங்க குடியிருக்கேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு" என்று சொல்லி அழுதது அந்தப் பெண்.

சட்டம் ஒன்றுதான். ஒருவருக்குத் திறந்திருக்க வேண்டிய கதவு மூடிக்கொண்டது. மூடியிருக்க வேண்டிய கதவு இன்னொருவருக்குத் திறந்துகொண்டது. இது எப்படி நேர்ந்தது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றைப் படித்தேன். என் சிற்றறிவுக்கு எட்டியதை இங்கே வைக்கிறேன்.

உத்திரமேரூர்ச் சுவர்

பொதுப் பணிக்கு வருபவரின் யோக்கியதையை ஊரறிய எழுதி வைத்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 வாக்கில் வெட்டியவை. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது என்று தகுதிகள் சொல்லப்படுகின்றன. யார் நிற்கக் கூடாது என்ற பட்டியலில் முக்கியமானவன், முன்பு வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன். அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவுமுறையாரும் நிற்க முடியாது.

இதை மட்டும் எடுத்துச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டுப் போவது நம் மேடைகளில் வழக்கம். ஆனால் அந்தப் பட்டியலை முழுக்கப் படித்தால் இன்னொன்றும் தெரியும். கணக்குக் காட்டாதவன் இருக்கும் அதே பட்டியலில், உண்ணத் தகாததை உண்டவனும் இருக்கிறான். ஊர்ப் பணத்துக்கு ஒருவன் சொல்ல வேண்டிய பதிலும், அவன் வீட்டு இலையில் விழுந்த சோறும் அந்தக் காலத்துக்கு ஒன்றுதான். பொதுவில் சொல்ல வேண்டியது எது, சொந்தமாய் இருக்க வேண்டியது எது என்ற பிரிவினை அங்கே செய்யப்படவில்லை. அந்தப் பிரிவினைதான் நம் கட்டுரையின் உயிர்நாடி.

எங்கள் சமணத்தில் இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்கள் உண்டு. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்தைந்து மீறல்களைச் சொல்கிறது. களவாமை விரதத்தின் மீறல்களில் ஒன்று கள்ள எடையும் கள்ள அளவும். வாய்மை விரதத்தின் மீறல்களில் ஒன்று பொய்ப் பத்திரம் எழுதுவது. இன்னொன்று பிறருடைய அந்தரங்கத்தை அம்பலப்படுத்துவது. பொய் சொல்லாமல், உள்ளதை உள்ளபடி சொன்னாலும், பிறன் மறைவை வெளியிட்டால் அதுவும் வாய்மைக்குக் குற்றம்தான். தராசு சரியாக இருக்க வேண்டும், பிறர் வீட்டுக் கதையைச் சொல்லக் கூடாது. இரண்டும் ஒரே இல்லறத்தானுக்கு ஒரே நேரத்தில் சொன்ன கட்டளைகள். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ள முடியாது.

ஆங்கிலேயர் காலத்து மூன்று ஏடுகள்

இன்றைய அரசு அலுவலக ஏடுகளுக்கு மூலம் ஆங்கிலேயர் ஆட்சி. அவர்கள் ஊழியரைப் பற்றி மூன்று விதமாக எழுதி வைத்தார்கள்.

முதலாவது அச்சிட்டது. சிவில் லிஸ்ட் என்று ஒன்று வரும். அதிகாரிகளின் சேவை வரலாறு என்று இன்னொரு தடித்த புத்தகமும் சென்னை மாகாணத்தில் அச்சாகி வந்தது. இன்னார் இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன பதவியில் இருந்தார், எப்போது மாற்றலானார், எப்போது விடுப்பில் போனார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்றைக்கும் வரலாறு எழுதுபவர்கள் ஒரு கலெக்டர் எந்த வருடம் எந்த ஜில்லாவில் இருந்தார் என்று பார்க்க அதைத்தான் புரட்டுகிறார்கள். மாற்றல் விவரம் இரகசியம் என்று வெள்ளைக்காரன்கூட நினைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாவது பணிப் பதிவேடு. நம்மவர் வாயில் எஸ்.ஆர். முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம், கைரேகை. உள்ளே ஊதிய உயர்வு, விடுப்புக் கணக்கு, தண்டனை இருந்தால் அதுவும். ஓய்வூதியம் கணக்கிடுவது இதை வைத்துத்தான். எஸ்.ஆர். காணாமல் போய்ப் பென்ஷனுக்கு அலைந்த கதை நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு.

மூன்றாவது இரகசியக் குறிப்பு. மேலதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை தன்கீழ் உள்ளவரைப் பற்றி எழுதிப் பூட்டி வைப்பது. நேர்மையானவரா, சுறுசுறுப்பானவரா, பதவி உயர்வுக்குத் தகுதியா என்று எழுதுவார். ஊருக்கு மட்டுமல்ல, யாரைப் பற்றி எழுதினாரோ அவருக்கே காட்டமாட்டார். இதற்கெல்லாம் மேல் காவலாக 1889இல் அலுவலக இரகசியச் சட்டம் வந்தது. 1904இல் கர்சன் பிரபு காலத்தில் அது இறுக்கப்பட்டது. 1923இல் புதிதாக எழுதப்பட்டது. அந்த 1923ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது.

இங்கே பூட்டு யாருக்காகப் போடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊழியரின் மானத்தைக் காப்பாற்றப் போட்டதல்ல. எழுதிய மேலதிகாரியையும் அரசாங்கத்தையும் காப்பாற்றப் போட்டது. தனியுரிமை என்ற சொல் அப்போது அந்த அலமாரிப் பக்கம் வந்ததே இல்லை.

முதல் கதவு: தன் ஏட்டைத் தானே பார்க்க

பூட்டு முதலில் தளர்ந்தது ஊழியருக்காகத்தான். ஒருவருக்குத் தெரிவிக்காமல் மறைத்து வைத்த பாதகமான குறிப்பைக் கொண்டு அவருடைய பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்று 1979இல் குர்தியால் சிங் ஃபிஜ்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பாதகம் என்றால் எது? மோசம் என்று எழுதினால் மட்டும்தானா?

இதற்கு விடை கிடைக்க இன்னும் 29 ஆண்டு ஆயிற்று. எல்லைச் சாலைப் பணியில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. காரணம், 1993-94ஆம் ஆண்டுக்கு மேலதிகாரி 'நன்று' என்று எழுதியிருந்தார். உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும். 'நன்று' என்பது பாதகமான சொல்லா? இல்லையே! அதனால் அவருக்குத் தெரிவிக்கவும் இல்லை. ஒருவனை நல்லவன் என்று எழுதியே அவன் வாழ்க்கையை நிறுத்திவிட முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். 2008 மே 12 அன்று உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 2009 மே மாதம் மத்திய அரசு ஆணையிட்டு, 2008-09 முதல் முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்டச் சொன்னது. பெயரிலிருந்த 'இரகசியம்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டது. 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிப்படுத்தியது.

அமெரிக்கா இதை 1974ஆம் ஆண்டு அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்திலேயே செய்துவிட்டது. அரசாங்கம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவைப் பார்க்கவும் தவறிருந்தால் திருத்தக் கேட்கவும் உரிமை தந்தது அச்சட்டம். தனியுரிமை என்றால் மற்றவரிடமிருந்து மறைப்பது மட்டுமல்ல. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தான் அறிவதும் அதில் அடக்கம். இந்தப் பாதி நம் பேச்சில் அடிக்கடி விட்டுப் போகிறது.

இரண்டாவது கதவு: ஊர் பார்க்க

அரசாங்கக் காகிதத்தைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று முதன்முதலில் சட்டம் செய்தது சுவீடன், 1766இல். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டம் 1966இல் வந்தது. அந்தச் சட்டத்திலேயே பணியாளர் கோப்பு, மருத்துவக் கோப்பு இரண்டுக்கும் தனி விலக்கு இருந்தது. வெளியிட்டால் அந்தரங்கத்தில் வெளிப்படையாகவே நியாயமில்லாத தலையீடு ஆகும் என்றால் மட்டுமே மறைக்கலாம். 1976இல் விமானப்படைக் கல்லூரி மாணவர்களின் ஒழுங்கு விசாரணைச் சுருக்கங்களைக் கேட்டு ஒரு வழக்கு வந்தது. பணியாளர் கோப்பு என்று பெயர் ஒட்டிவிட்டதாலேயே எல்லாம் மூடியதாகிவிடாது, பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு மற்றதைத் தரலாம் என்ற வழியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. இது மிக எளிய யோசனை. ஆனாலும் நம் அலுவலகங்களில் அபூர்வமாகவே நடக்கிறது.

நம் பக்கத்தில் அடிக்கல் நாட்டிய வழக்கு தமிழ்நாட்டு வழக்குதான். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முனைந்தது. சில உயர் அதிகாரிகளுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு அதில் வருவதாகச் செய்தி. சிறைத் துறைத் தலைவர் வெளியிடக் கூடாது என்று கடிதம் எழுதினார். 1994 அக்டோபர் 7 அன்று ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் நீதிபதி ஜீவன் ரெட்டி அமர்வு தீர்ப்பளித்தது. ஒவ்வொருவருக்கும் தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை உண்டு. குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றை அனுமதியின்றி எழுதக் கூடாது. ஆனால் பொது ஊழியர் தம் பதவிக் கடமை சம்பந்தமாகச் செய்த செயலுக்கு இந்தக் கேடயத்தைத் தூக்க முடியாது என்றது. உத்திரமேரூர்ப் பட்டியலில் ஒன்றாய்க் கிடந்த இரண்டையும் இந்தத் தீர்ப்பு பிரித்து வைத்தது என்பேன்.

1997இல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. இந்திய மாநிலங்களில் அதுதான் முதல். விலக்குகள் அதிகம் என்று குறை சொன்னார்கள், ஆனால் முதல் அடி அதுதான். கர்நாடகம் 2000இல் தன் சட்டத்தைச் செய்தது. பிறகு நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் 4ஆம் பிரிவு, ஒவ்வோர் ஊழியரின் மாதச் சம்பளத்தையும் கேட்காமலே வெளியிடச் சொன்னது. 8(1)(ஜே) பிரிவு சொந்த விவரத்துக்குக் காப்பு வைத்தது. ஆனால் வெறும் சொந்த விவரம் என்றால் போதாது. அது எந்தப் பொதுச் செயலோடும் பொது நலனோடும் தொடர்பில்லாததாக இருக்க வேண்டும், அல்லது நியாயமில்லாமல் அந்தரங்கத்தில் நுழைவதாக இருக்க வேண்டும். அப்போதும் பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம். 11ஆம் பிரிவு, மூன்றாம் நபர் இரகசியமாகக் கருதும் தகவலைத் தருவதற்கு முன் அவருக்கு ஐந்து நாளில் நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபம் சொல்லப் பத்து நாள் அவகாசம் தரச் சொன்னது. நம் சங்கத்துப் பெண்ணின் விஷயத்தில் நடக்காமல் போனது இதுதான்.

கதவு மறுபடி சாத்தப்பட்டது

பீன்யாக்காரர்கள் கவனித்துக் கேட்க வேண்டிய வழக்கு இனி வருகிறது. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் பட்டறைக்காரர் எல்லாருக்கும் பி.எஃப். என்றால் தெரியும். 1952இல் வந்த சட்டம். நம் ஊரிலேயே அதற்கு ஒரு வட்டார அலுவலகம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் அகோலா பி.எஃப். அலுவலகத்தில் அமலாக்க அதிகாரியாக இருந்த ஒருவரைப் பற்றி, கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே என்பவர் 2008இல் 15 கேள்விகள் கேட்டார். நியமன ஆணை, சம்பளம், அவருக்குக் கொடுத்த மெமோ, விளக்கம் கேட்ட நோட்டீஸ், தண்டனை, சொத்து, கடன், மகன் கல்யாணத்துக்கு வந்த பரிசுப் பொருள் வரைக்கும்.

பட்டியலைப் பாருங்கள். மெமோவும் மொய்யும் ஒரே மனுவில்! கேட்டவரும் உத்திரமேரூர்ப் பட்டியல் போலவே எல்லாவற்றையும் கலந்து கட்டிக் கேட்டார். 2012 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றமும் மொத்தமாகவே பதில் சொன்னது. ஊழியரின் பணித்திறன் என்பது முதன்மையாக அவருக்கும் அவரை வேலைக்கு வைத்தவருக்கும் இடையிலான விஷயம், பணி விதிகளுக்கு உட்பட்டது, ஆகவே மெமோவும் தண்டனையும் சொந்த விவரம். வருமான வரிக் கணக்கும் அப்படியே. பொதுநலன் நிரூபித்தால் மட்டும் தரலாம் என்று தீர்ப்பு.

எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. என் கடைப் பையனை நான் கண்டித்தால் அது எனக்கும் அவனுக்கும் நடுவில் உள்ளதுதான். ஆனால் அரசு ஊழியரை வேலைக்கு வைத்தவர் யார்? சம்பளம் கொடுப்பது ஊர்ப் பணம். சோதனை போடும் அதிகாரம் சட்டம் கொடுத்தது. தமிழ்நாட்டில் ஒருவர் '17 பி' வாங்கினார் என்றால், அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை பெற்றார் என்றால், அது எதற்காக என்று பார்க்க வேண்டாமா? வீட்டில் நடந்த சண்டைக்காகவா, லஞ்சம் வாங்கியதற்காகவா? இரண்டும் ஒன்றா?

2017இல் இரண்டு தீர்ப்புகள் ஒரு வார இடைவெளியில் வந்தன. இரண்டுக்கும் பெங்களூர்த் தொடர்பு உண்டு. ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றார்கள். வழக்குத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. பெங்களூரில் வாழ்ந்து, 2024 அக்டோபரில் 98 வயதில் மறைந்தார். மற்றொன்று ஆகஸ்ட் 31. நம் ஊரில் தலைமையகம் கொண்ட கனரா வங்கியின் வழக்கு. எழுத்தர்களின் மாற்றல், நியமன விவரங்களைக் கேரளத்து எழுத்தர் ஒருவர் கேட்டிருந்தார். அவையும் சொந்த விவரம்தான் என்று முடிவாயிற்று. வெள்ளைக்காரன் அச்சடித்து விற்ற விவரம் இங்கே பூட்டுக்குள் போனது. 2019 நவம்பர் 13 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, பெயர், முகவரி, உடல்நிலை, மதிப்பெண் இவற்றோடு பணி மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றையும் சேர்த்துச் சொந்த விவரப் பட்டியல் ஒன்று தந்தது. பொதுநலனை எடை போட்டே தரலாம் என்றது.

இதற்கு எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 2011 முதல் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் அசையாச் சொத்து விவரங்களை மத்திய அரசே இணையத்தில் வெளியிட்டது. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பணிப் பதிவேட்டில் உள்ள சொத்துக் கடன் விவரங்களை முழுக்க முழுக்க அந்தரங்கம் என்று சொல்லி மறுத்துவிட முடியாது என்றது.

ஆனால் கடைசிப் பூட்டு வேறு வழியாக வந்தது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)யைத் திருத்தியது. பொதுச் செயலோடு தொடர்பு, நியாயமில்லாத தலையீடு என்ற சொற்களெல்லாம் போய், சொந்த விவரம் என்ற ஒன்றே நின்றது. 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இதற்கு ஆதாரமாகச் சொன்னது புட்டசாமி தீர்ப்பு. குடிமகனை அரசாங்கத்திடமிருந்து காக்கப் போராடிப் பெற்ற உரிமை, அரசாங்க அலமாரிக்குப் பூட்டாகவும் ஆகிவிட்டது.

மிஞ்சியிருக்கும் வழி

எல்லாம் போய்விட்டது என்று உட்காரவும் வேண்டாம். 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. விலக்குப் பெற்ற தகவலானாலும், மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதன் பொதுநலன் பெரிதானால் தரலாம் என்கிறது அது. 10ஆம் பிரிவும் இருக்கிறது. மறைக்க வேண்டியதை நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்லும் பிரிவு. சம்பளத்தை வெளியிடச் சொன்ன 4ஆம் பிரிவும் திருத்தப்படவில்லை. ஆகவே எப்படிக் கேட்கிறோம் என்பதில் பாதி இருக்கிறது. கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே பொருள், அதுவும் 150 சொல்லுக்குள் என்று விதி. கோபத்தில் பதினைந்து கேள்வி எழுதினால், கொடுக்க வேண்டிய ஒன்றும் கொடுக்கக் கூடாத பதினான்கோடு சேர்ந்து தள்ளுபடியாகும்.

அந்தப் பட்டறை நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். "ஆளைக் கேக்காதீங்க, வேலையைக் கேளுங்க" என்றேன். நம் வட்டாரத்தில் ஓராண்டில் எத்தனை சோதனை நடந்தது, சோதனைக்குப் பட்டறைகளை எந்த முறையில் தேர்ந்தெடுத்தார்கள், வந்த புகார்கள் எத்தனை, எத்தனையில் நடவடிக்கை முடிந்தது என்று பெயரில்லாமல் கேட்டார். பாதிக்குப் பதில் வந்தது. மீதிக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் ஆணையம் என்று போனார். அதன் பிறகு சோதனை எல்லாப் பட்டறைக்கும் போல அவருக்கும் ஆண்டுக்கு ஒன்றாகிவிட்டது. மனுவினால்தான் ஆனதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தன்னைக் கேட்காமல் கொடுத்தது தவறு என்று அவள் எழுதிக் கொடுத்தாள். இனி இப்படி நடக்காது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். வெளியே போன தாளை யாரால் திருப்பி வாங்க முடியும்? ஆறு மாதத்துக்குள் வேறு வீடு பார்த்துப் போனார்கள். அந்தக் குடும்பம் இந்த மலரைப் படிக்கும். அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

நம் சங்கத்தில் பட்டறைக்காரரும் உண்டு, அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் வேலை செய்பவரும் உண்டு. பல வீடுகளில் அப்பா ஒன்று, மகள் மற்றொன்று. ஆகவே இந்த விஷயத்தில் நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட முடியாது.

என் கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு. முத்திரை போட்டதற்கான சான்றிதழைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். எந்த வாடிக்கையாளரும் அதைப் படித்துப் பார்க்கலாம், எனக்கு அதில் அவமானம் இல்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் என் பேரேட்டில், யார் எவ்வளவு கடன், எந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பணம் வாங்கினார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அதைக் கேட்டால் காட்டமாட்டேன். அரசு ஊழியரின் ஏட்டிலும் இப்படி இரண்டு பகுதி உண்டு. அதிகாரம் அவர் கையில் கொடுத்த தராசு. அதை அவர் எப்படிப் பிடித்தார், தவறாகப் பிடித்தபோது என்ன தண்டனை ஆயிற்று என்பது மாட்டி வைக்க வேண்டிய சான்றிதழ். நோய், முகவரி, குடும்பம், கடன் எல்லாம் பேரேடு. ஒரே அட்டைக்குள் இரண்டையும் தைத்து வைத்திருப்பதால்தான் இத்தனை வழக்கும். அந்தத் தையலைப் பிரிப்பது நீதிமன்றத்தின் வேலை மட்டுமல்ல. மனு எழுதும் நாமும், மனுவுக்குப் பதில் எழுதும் நம் பிள்ளைகளும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலை அது.